முட்டைக் கணக்கு

ஊருக்கு இரண்டு பெயர்.
பஸ் பலகையில் போகும்போது வெந்நீர்மடு,
திரும்பும்போது உடுகுமடுகு.
கண்டக்டர் இரண்டையும் சொல்வதில்லை.
'நாத்தம் யாரு, எறங்குங்க' என்பார்.
கந்தக நாற்றம்.
வந்தவர்களுக்குத்தான் அடிக்கும்.

எழுதிவைத்த சரித்திரம் கோயில் சுவரில் இருக்கிறது.
ஒரு ராஜா, ஒரு குஷ்டம், ஒரு கனவு.
ராஜா துவட்டிய துணியை யார் துவைத்தார் என்று
அதில் இல்லை.

முதலில் வந்தது எங்களவர் என்பார் சாகலி தசரதலு.
அவர் வேறு எப்படிச் சொல்வார்?
ஆனால் யோசித்தால் சரிதான்:
விறகில்லாமல் வெள்ளாவி.
அதற்காக மலை தாண்டி வந்தன
நான்கு குடும்பம், ஏழு கழுதை.
துணி அடித்து அடித்துப் பாறையில் விழுந்த பள்ளத்தில்
இப்போதும் மழைத்தண்ணீர் நிற்கிறது.
பிறகு சொறிக்காரர்கள்.
பிறகு மூட்டுவலி.
மூட்டுவலிக்குப் பின்னால் சத்திரம்,
சத்திரத்துக்குப் பின்னால் சாமி.
சாமி வந்ததும் வண்ணார்களைக்
கீழ்மடுவுக்கு இறங்கச் சொன்னார்கள்.
மேலே குளித்த அழுக்கில்
கீழே வெளுத்தார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் ஒருவர்
தண்ணீரைப் புட்டியில் அடைத்துச் சீமைக்கு அனுப்பினார்.
'நல்ல நீர், வேறு விசேஷமில்லை'
என்று பதில் வந்தபோது
அவர் காலராவில் போய் ஒரு மாதம்.

எல்லை பிரிக்க வந்தவர்கள்
சங்கிலியைக் கரையில் போட்டுவிட்டு
மூன்று நாள் கால் நனைத்தார்கள்.
நாலாம் நாள் கோடு.
கொதிக்கும் கண் அந்தப் பக்கம்,
வழியும் தொட்டி இந்தப் பக்கம்.
ஆக, சூடு ஆந்திரா,
வெதுவெதுப்பு தமிழ்நாடு.

என் பெயர் கோட்டீஸ்வரி.
கோட்டின் மேல்தான் கடை.
துண்டு வாடகை, சீயக்காய், முட்டை.
எனக்குத் தெரிந்த சரித்திரம் முட்டையில் இருக்கிறது.

கடை போட்ட வருஷம்
துணியில் முடிந்து, கயிற்றில் கட்டி,
பெரிய கண்ணில் இறக்கினால் பன்னிரண்டு நிமிடம்.
மஞ்சள் கெட்டி, ஓரத்தில் பச்சை வளையம்.
லாட்ஜ்கள் வந்தன:
பாலாஜி, நியூ பாலாஜி, ஒரிஜினல் பாலாஜி.
அறைக்கு அறை ஊற்று என்றார்கள்.
அறுநூறு அடி போட்டார்கள், எண்ணூறு அடி போட்டார்கள்.
பதினெட்டு நிமிடம்.
ஆயிரத்து இருநூறு அடி.
நாற்பது நிமிடம், வெள்ளை வழிந்தது.
போன பங்குனியில்
ஒரு மணி நேரம் கழித்து எடுத்து உடைத்தேன்.
பச்சை முட்டை.
வாங்கியவர் காசைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்.

லாட்ஜ்காரர்கள் கீசர் மாட்டினார்கள்.
பலகையில் இன்னும் 'இயற்கை வெந்நீர்'.
நானும் யோக்கியம் இல்லை.
தட்டிக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் அவித்து
மடுவில் ஒருதரம் முக்கி எடுத்து
ஆவி பறக்க விற்றேன் ஒன்றரை வருஷம்.

நேற்று விடிகாலை
செக்போஸ்ட்டில், லாரி நிற்கும் இடத்தில்,
தார் உப்பியது.
டயர் வெடித்த சத்தம் என்று நினைத்தார்களாம்.
இடுப்பளவு பிளவு, ஆள் உயரத்துக்கு ஆவி,
நடுவில் வெள்ளைப் பெயின்ட் கோடு இரண்டாக.
இந்தப் பக்கத்து ஏட்டு செங்கல்வராயன்
அந்தப் பக்கத்து ஓபுல் ரெட்டியைப் பார்த்தார்.
இருவரும் மேலிடத்துக்குப் போன் போட்டார்கள்.
'யார் தண்ணி அது?' என்று கேட்டதாம்,
இரண்டு மேலிடமும்.

தசரதலு டி.வி.எஸ். ஐம்பதில் வந்தார்,
பின்னால் ஒரிஜினல் பாலாஜியின் அழுக்கு மூட்டை.
குனிந்து மோந்து பார்த்தார்.
'வெள்ளாவிக்கு ஆகும்' என்றார்.

நாடா கட்டியிருந்தார்கள்.
நாடாவுக்கு அடியில் கை போகும்.
கயிற்றை இறக்கிவிட்டு நின்றேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
ஆவியில் என்னை யாருக்கும் சரியாகத் தெரியவும் இல்லை.
லாரி க்ளீனர் ஒருவன் போனில் நேரம் பார்த்துச் சொன்னான்:
ஒன்பது நிமிஷம், அக்கா.

உடைத்தோம்.
உப்பு கடையிலேயே இருந்துவிட்டது.